வீட்டுக்குள் பூவை நெருங்கிப் படமெடுக்க எந்த ஒளி ஏற்றது?

மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கிப் பூக்களை நெருங்கிப் படமெடுக்கத் தொடங்கியவர்கள், வெளியே காற்றோடும் வெயிலோடும் கொஞ்ச காலம் போராடிய பிறகு, பூவை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும் கட்டத்தில் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. சன்னல் ஒளியே போதுமா, எல்.இ.டி. பேனல் வாங்குவதா, ஃபிளாஷ் வாங்குவதா, எங்கும் மலிவாகக் கிடைக்கும் ரிங் லைட்டை வாங்குவதா என்பதே அந்த முடிவு. கடையில் கேட்டால் வாட் கணக்கும் விலையும் பதிலாகக் கிடைக்கும். பூவைப் பொறுத்தவரை அவை இரண்டும் பின்னால் வர வேண்டியவை. படமெடுக்க விரும்பும் பூ எந்த நேரத்தில் மலர்கிறது, அதன் இதழ் எப்படிப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், எந்த ஒளி வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். செம்பருத்தி காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கத் தொடங்கிவிடும். சங்குப்பூவும் காலைப் பூ. அந்திமந்தாரை பிற்பகல் நான்கு மணியை ஒட்டி விரிகிறது. குண்டுமல்லி மொட்டு அவிழ்வது பொழுது சாய்ந்த பிறகு. நிஷாகந்தியோ இருட்டிய பின் விரியத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டி முழுமையடைந்து, விடிவதற்குள் தொங்கிவிடும். பவளமல்லியும் இரவில் மலர்ந்து அதிகாலையில் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே, மல்லிகையையும் நிஷாகந்தியையும் அவை மலரும் வேளையில் படமெடுக்க விரும்புபவருக்குச் சன்னல் ஒளியின் நயத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. அவருக்குச் செயற்கை ஒளி தவிர வேறு வழி கிடையாது. இதற்கு நேர்மாறானது டேபிள் ரோஸ் என்றும் பத்து மணிப் பூ என்றும் வழங்கும் செடி. வெயில் பட்டால்தான் விரியும் அந்தப் பூவை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் சிறிது நேரத்தில் மூடிக்கொண்டுவிடுவதால், வெயில் விழும் சன்னலோரமே அதற்கு உரிய இடம்.

இதழைப் பற்றிய கேள்வி சற்று நுட்பமானது. காகிதப்பூவின் வண்ண மடல்களும் சங்குப்பூவின் இதழும் ஒளியை ஊடுருவ விடும் மெல்லியவை. பின்னாலிருந்து ஒளி வந்தால் நரம்புகள் வரைபடம்போல் தெளியும். கோழிக்கொண்டையும் அடர்சிவப்பு ரோஜாவும் வெல்வெட்டைப் போன்ற மேற்பரப்பு உடையவை. நேர் எதிரிலிருந்து வரும் ஒளியை விழுங்கிவிட்டுத் தட்டையாகத் தெரியும், பக்கவாட்டில் சாய்ந்து வரும் ஒளிக்கு மட்டுமே மேடுபள்ளத்தைக் காட்டும். ஆந்தூரியம் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். விளக்கு எந்த வடிவமோ அந்த வடிவத்தையே ஒரு வெள்ளைத் திட்டாகத் தன்மேல் ஏந்திக் காட்டும். ஒரே விளக்கு இந்த மூன்றுக்கும் ஒரே இடத்தில் நின்று பணியாற்ற முடியாது.

இவற்றுக்கு மேல், நெருங்கிப் படமெடுப்பதற்கென்றே உரிய ஒரு தேவையும் உண்டு. பூ தன் உண்மையான அளவிலேயே சென்சரில் பதியும் 1:1 உருப்பெருக்கத்தில் லென்ஸ் நிற்கும்போது, எஃப் 11 என்று வைத்த அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) நடைமுறையில் எஃப் 22 அளவுக்கே ஒளியை விடுகிறது. அதாவது ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் ஒளி காணாமல் போகிறது (ஒரு ஸ்டாப் குறைவது ஒளி பாதியாவது). அப்படியும் முழுச்சட்டகக் கேமராவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆழம் வேண்டுமென்று அப்பர்ச்சரை மேலும் சுருக்கினால் ஒளிவளைவு (டிஃப்ராக்‌ஷன்) காரணமாக முழுப் படமுமே மங்கும். எனவே, ஒன்று நிறைய ஒளி வேண்டும், அல்லது நீண்ட எக்ஸ்போஷரும் (சென்சரில் ஒளி விழ விடும் நேரம்) அசையாத பூவும் வேண்டும், அல்லது ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டேக்கிங் வேண்டும். ஒவ்வோர் ஒளியும் இந்த மூன்றில் எதற்கு உதவுகிறது என்பதே ஒப்பீட்டின் உரைகல்.

சன்னல் ஒளி

செலவில்லாதது என்பதற்காக மட்டும் சன்னல் ஒளியை முதலில் வைக்கவில்லை. ஒளியின் மென்மையை முடிவுசெய்வது, பொருளோடு ஒப்பிடும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே. நான்கடிச் சன்னலுக்கு இரண்டடி தள்ளி வைத்த நான்கு சென்டிமீட்டர் பூவுக்கு அந்தச் சன்னல் ஏறத்தாழ ஒரு வானமே. நிழல் விளிம்புகள் கரைந்து, இதழின் வளைவு மெதுவாக வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போகும். செடிகளின் நெருக்கப் படங்களுக்குப் பெயர்பெற்ற ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) தானே செய்துகொண்ட கேமராவோடும் சாதாரண அட்டைப் பின்னணியோடும் பரவலான இயற்கை ஒளியிலேயே பணியாற்றினார். அவருடைய படங்களில் தண்டின் உருண்டையும் இலைநுனியின் சுருளும் சிற்பம்போல் நிற்பதற்கு அந்த ஒளி முக்கியமான காரணம்.

ஆனால் ஐரோப்பிய நூல்கள் சொல்லும் ‘வடக்குச் சன்னல்’ என்ற அறிவுரையை இங்கே அப்படியே ஏற்கக் கூடாது. அங்கே சூரியன் எப்போதும் நண்பகலில் தெற்கே நிற்பதால் வடக்குச் சன்னலில் நேர் வெயில் அரிது. சென்னையின் அட்சரேகை 13 பாகை; ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அதற்கும் முன்பாகவே, மார்ச் இறுதி தொடங்கிச் செப்டம்பர் வரை, காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் வடக்குச் சுவரைத் தொடும். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். சாய்ந்து வரும் வெயிலை அது தடுக்காது. ஆகவே நமக்கு ஏற்ற விதி வேறு: காலையில் மேற்குச் சன்னல், பிற்பகலில் கிழக்குச் சன்னல். காலையில் விரியும் செம்பருத்திக்கு மேற்குச் சன்னலும், நான்கு மணிக்கு விரியும் அந்திமந்தாரைக்குக் கிழக்குச் சன்னலும் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் நேர் வெயிலின் தொல்லை இல்லாத மென்மையான ஒளி கிடைக்கும். அந்தத் திசையில் சன்னல் இல்லாத வீட்டில், வெயில் விழும் சன்னலின்மேல் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகத் தொங்கவிட்டால், அந்த வேட்டியே பெரிய ஒளிமூலமாகிவிடும். வேட்டி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறிய துணி வழியாக வரும் ஒளி நந்தியாவட்டையை மஞ்சளாக்கிவிடும்.

இதன் குறை, அளவு. பூவின்மேல் 1,000 லக்ஸ் (ஒளியளவின் அலகு) விழும் இடத்தில், ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளியுணர்திறன்) 100, எஃப் 11, உருப்பெருக்கம் 1:1 என்று வைத்தால், எக்ஸ்போஷர் ஒரு விநாடியைத் தாண்டிவிடும். அந்த ஒரு விநாடிக்குள் மகரந்தத்தாள் 0.1 மில்லிமீட்டர் அசைந்தாலே, 24 மெகாபிக்சல் சென்சரில் அது பதினைந்து பிக்சலுக்கு மேல் இழுபட்டுத் தெரியும். ட்ரைபாடும் ரிமோட்டும் மட்டும் போதாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், தெருவில் லாரி போகும்போது காத்திருக்க வேண்டும். மே மாதத்தில் மின்விசிறி இல்லாத அறையில் முப்பது படங்கள் கொண்ட ஒரு ஸ்டேக்கை முடிப்பது உடலுக்கும் பூவுக்கும் சோதனை. இடையில் ஒரு மேகம் கடந்தால் பாதிப் படங்கள் ஒரு வெளிச்சத்திலும் மீதி வேறு வெளிச்சத்திலும் நிற்கும். இதனால், பூவின் பாதியளவோ அதற்கும் குறைந்த உருப்பெருக்கமோ போதும் என்பவர்களுக்கும், ஒரே படத்தில் முடிப்பவர்களுக்கும் சன்னல் ஒளிக்கு நிகர் வேறில்லை. ஸ்டேக்கிங் செய்பவர்களுக்கு அது நம்பகமானதல்ல.

சன்னல் ஒளிக்குத் துணையாக வேண்டியது ஒரு வெள்ளை தெர்மாகோல் துண்டும் ஒரு கறுப்பு அட்டையும் மட்டுமே. சன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை வைத்தால் நிழற்பக்கம் தெளியும். வெள்ளைப் பூவுக்கு நான் பெரும்பாலும் அதற்கு மாறாக அந்தப் பக்கம் கறுப்பு அட்டையையே வைக்கிறேன். நந்தியாவட்டை, மல்லிகை போன்றவற்றில் இதழுக்கும் இதழுக்கும் இடையே எல்லை காட்டுவது நிழல்தான். அதை நிரப்பிவிட்டால் எல்லா இதழும் சேர்ந்து ஒரே வெள்ளைப் படலமாகிவிடும்.

வீட்டு விளக்குகள்

மேசை விளக்கையும் டியூப் லைட்டையும் கொண்டே ஒப்பேற்றலாமே என்று தோன்றும். பழகிப் பார்க்க அது நல்ல வழிதான்; ஒளியை நகர்த்தினால் என்ன ஆகிறது என்று கற்றுக்கொள்ள ஒரு மேசை விளக்கே போதும். இறுதிப் படத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு விளக்குகளின் நிறத்தரம் பூக்களுக்குப் போதுமானதல்ல. மேலும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மினுக்கும். கேமராவின் மின்னணு ஷட்டரில் அது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகப் பதியும். ஷட்டர் நேரத்தை ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அது பெரும்பாலும் மறையும். பழைய ஹாலஜன் விளக்கின் நிறம் தொடர்ச்சியானது, நல்லது. ஆனால் அதன் சூடு அருகில் வைத்த இதழை நம் கண்முன்னே துவள வைத்துவிடும்.

எல்.இ.டி. பேனல்

வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.தான். அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த அந்த நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசி, இரண்டும் கலந்த கலவையை நம் கண் வெள்ளையாகக் காண்கிறது. கண் ஏமாறினாலும் செம்பருத்தி ஏமாறாது. அடர்சிவப்பு ஒளி அந்தக் கலவையில் குறைவாக இருந்தால் சிவப்பு இதழ் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்ல, பெட்டியின்மேல் அச்சிடும் சி.ஆர்.ஐ. எண், எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்9 என்ற அளவு அந்தச் சராசரியில் சேருவதே இல்லை. ஆகவே சி.ஆர்.ஐ. 95 என்பதோடு நிறைவடையாமல், ஆர்9 மதிப்பையும் தனியே பார்த்து, 90-ஐ ஒட்டி இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாத பேனலைப் பூப் படத்துக்கு வாங்க வேண்டாம்.

இந்த ஒளியின் பெரிய நன்மை, படம் எடுக்கும் முன்பே விளைவு கண்ணுக்குத் தெரிவது. பேனலை ஒரு விரற்கடை நகர்த்தினால் சூலகமுடியின் நிழல் இதழில் எங்கே விழுகிறது என்பதை உடனே பார்க்கலாம். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒளி மாறாமல் நிலையாக இருப்பதால் ஃபோகஸ் ஸ்டேக்கிங்குக்கும் ஏற்றது. நிஷாகந்தி விரிவதைக் காணொலியாக எடுக்க விரும்புபவருக்கு எல்.இ.டி.யே வழி. கைபேசியில் கிளிப் மேக்ரோ லென்ஸைப் பொருத்தி எடுப்பவர்களுக்கும் இதுவே என் பரிந்துரை. கைபேசியின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால், நெருங்கும்போது கிளிப் லென்ஸின் நிழலே பூவின்மேல் விழும்.

குறை மறுபடியும் அளவுதான். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் வழியாகப் பூவின்மேல் 5,000 லக்ஸ் விழுந்தாலும், மேலே சொன்ன அதே எஃப் 11, 1:1 கணக்கில் ஏறத்தாழ கால் விநாடி எக்ஸ்போஷர் ஆகும். சன்னலைவிட மேல், ஆனால் மின்விசிறி இன்னும் ஓடக் கூடாது.

சங்குப்பூவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியையும் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. படச்சுருள் காலத்தில் அவை இளஞ்சிவப்பாகப் பதிந்து எல்லோரையும் வருத்தியது ஊரறிந்த சிக்கல். இன்றைய கேமராக்களில் சென்சரின் முன்னால் உள்ள வடிகட்டி அதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. இருந்தும், என் படங்களில் சங்குப்பூவின் நீலம் கண்ணால் கண்டதற்கு மிக அருகில் வருவது நல்ல எல்.இ.டி. பேனலில்தான்; வெள்ளை எல்.இ.டி.யில் தொலைசிவப்பு மிகக் குறைவு என்பதை அதற்குக் காரணமாகக் கருதுகிறேன். சிவப்புப் பூவுக்கு எல்.இ.டி.யைச் சந்தேகித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலப் பூவுக்கு அது நண்பன்.

ஃபிளாஷ்

வீட்டுக்குள் பூ எடுப்பவர்கள் பலர் ஃபிளாஷை வெறுக்கிறார்கள். கேமராவின்மேல் அதைப் பொருத்தி நேரே சுட்டு, வெளிறிய பூவையும் சுவரில் கறுத்த நிழலையும் பெற்றவர்களின் வெறுப்பு அது. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கி, மலிவான வயர்லெஸ் ட்ரிகர் ஒன்றின் மூலம் பூவுக்குப் பக்கவாட்டில் வைத்து, அதற்கும் பூவுக்கும் நடுவே பட்டர் பேப்பரை ஒரு சட்டத்தில் விறைப்பாக ஒட்டி நிறுத்திப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தத் தாள் பூவுக்கு 15 சென்டிமீட்டர் அருகில் நின்றால், பூவுக்கு அது மேலே சொன்ன சன்னலைவிடச் சற்றே சிறியது, அவ்வளவுதான். ஃபிளாஷ் ஒளி கடினமானது என்ற எண்ணம் அந்தத் தாளோடு போய்விடும். ஃபிளாஷைத் தாளிலிருந்து ஓரடியாவது பின்னால் தள்ளி வைப்பது முக்கியம். ஒட்டி வைத்தால் தாளின் நடுவில் மட்டும் சிறு வட்டமாக வெளிச்சம் விழுந்து, பெரிய தாள் வைத்த பயன் போய்விடும்.

அளவில் இதற்குப் போட்டியே கிடையாது. கையடக்க ஃபிளாஷ் ஒன்று முழுத் திறனில் ஏறத்தாழ 60 முதல் 75 ஜூல் ஆற்றலை ஒரே மின்னல் வெட்டில் செலவிடுகிறது. 60 வாட் எல்.இ.டி. பேனல் நூறில் ஒரு பங்கு விநாடியில் செலவிடுவது 0.6 ஜூல், ஃபிளாஷுக்கு ஈடுகட்ட அதற்கு ஒரு முழு விநாடி வேண்டும். அது மட்டுமல்ல, ஃபிளாஷின் திறனைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால், பல ஃபிளாஷ்களில் அந்த வெட்டு பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடியை ஒட்டியே நீடிக்கும். ஷட்டர் இருநூறில் ஒன்று, எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் அறை விளக்கின் ஒளி சென்சரில் பதியவே பதியாது. பூவைப் பதிவுசெய்வது அந்த ஒரு வெட்டு மட்டுமே. ஆகவே கையதிர்வும் மெல்லிய காற்றும் படத்தை இழுக்காது. மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட விடலாம். பூ அதனால் ஃபோகஸ் தளத்திலிருந்து விலகுகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

நிறத்திலும் ஃபிளாஷ் முன்னே நிற்கிறது. செனான் குழாயின் ஒளி ஏறத்தாழ பகலொளியை ஒத்த, இடைவெளி இல்லாத நிறமாலை உடையது. செம்பருத்தியின் சிவப்பும் அதன் அடியில் உள்ள கருஞ்சிவப்பும் தனித்தனியே பிரிந்து தெரிவது, மலிவான எல்.இ.டி.யோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும். ஒரு எச்சரிக்கை: எந்த ஒளியிலும் அடர்சிவப்புப் பூவை எடுக்கும்போது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராமை நம்பக் கூடாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலப்புறச் சுவரில் மோதி நிற்கும். அப்போது ஒளியை ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்தால்தான் இதழின் நரம்புகள் திரும்ப வரும்.

ஃபிளாஷை அருகில் வைப்பதால் பின்னணியும் நம் கைக்குள் வந்துவிடுகிறது. ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், ஒளிரும் தாளிலிருந்து பூ 15 சென்டிமீட்டரிலும் பின்சுவர் 60 சென்டிமீட்டரிலும் இருந்தால் சுவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு ஒளிதான். வெள்ளைச் சுவர்கூடக் கருஞ்சாம்பலாகிவிடும். கறுப்பு வெல்வெட் துணி வாங்காமலே இருண்ட பின்னணி கிடைப்பது இப்படித்தான். பேனலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் பேனலின் நீண்ட எக்ஸ்போஷரில் அறையின் மற்ற விளக்குகளும் உள்ளே நுழைந்துவிடுவதால், அங்கே அறையை இருட்டாக்க வேண்டியிருக்கும்.

ஆந்தூரியம் போன்ற மினுங்கும் பூவுக்கு ஃபிளாஷின் முன்னால் ஒரு போலரைசர் தாளையும் லென்ஸில் ஒரு போலரைசர் ஃபில்டரையும் வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால், வெள்ளைத் திட்டு மறைந்து அடியில் உள்ள நிறம் முழுமையாக வெளிப்படும். இதில் பல ஸ்டாப் ஒளி வீணாகும். அந்த இழப்பைத் தாங்கும் திறன் ஃபிளாஷுக்கு மட்டுமே தாராளமாக உண்டு.

குறைகளும் உண்டு. விளைவு எடுத்த பிறகே தெரியும். திறன், தொலைவு, கோணம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் பழக வேண்டும். ஸ்டேக்கிங்கில் படத்துக்குப் படம் ஃபிளாஷ் மீண்டும் மின்னேற்றம் பெறக் காத்திருக்க வேண்டும், இல்லையெனில் நடுவில் ஒரு படம் இருண்டு தொடர் கெடும். பதினாறில் ஒரு பங்கு திறனில் இந்தக் காத்திருப்பு மிகச் சிறிது.

ரிங் லைட், லைட் பேட், புற ஊதா

ரிங் லைட்டை நான் பூவுக்குப் பரிந்துரைக்கவில்லை. லென்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி வருவதால் நிழலே இல்லாமல் போகிறது. பல்லையும் பூச்சியையும் ஆவணப்படுத்த அது நல்லது, இதழின் வளைவைக் காட்ட நிழல் வேண்டும். பனித்துளியோ தெளித்த நீர்த்துளியோ உள்ள பூவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு வெள்ளை வளையம் அமர்ந்திருக்கும். சன்னலில் எடுத்தால் அதே துளிக்குள் சன்னலின் சிறு சதுரம் இருக்கும், அது இயல்பாகத் தோன்றும்.

ஓவியம் பயில்பவர்கள் படியெடுக்கப் பயன்படுத்தும் ஏ4 அளவு லைட் பேட் அப்படியல்ல. அது தனி உலகம். காகிதப்பூவின் ஒரு மடலையோ சங்குப்பூவையோ அதன்மேல் மல்லாக்க வைத்து மேலிருந்து எடுத்தால், வெள்ளைப் பின்னணியில் நீர்வண்ண ஓவியம்போல் இதழ் ஒளிரும். பேடின் வெள்ளை வெடித்துவிடாத எல்லைக்குச் சற்று உள்ளே எக்ஸ்போஷரை நிறுத்தி, தடித்த நடுப்பகுதிக்காக இன்னும் நீண்ட எக்ஸ்போஷரில் மற்றொரு படம் எடுத்து இரண்டையும் இணைக்கலாம். ரோஜாவைப் போல் இதழ்கள் அடுக்கடுக்காக உள்ள பூ இதில் கறுத்த உருண்டையாகவே தெரியும். மெல்லிய பூக்களை மட்டுமே எடுப்பவர் என்றால், மற்ற விளக்குகளைவிட விலை குறைந்த இதையே முதலில் வாங்குங்கள்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சால் இருட்டறையில் பூவை ஒளிரச் செய்யும் படங்கள் இப்போது பரவலாகின்றன. மகரந்தம் மஞ்சளாகவும் நீலமாகவும் ஒளிர்வது அழகுதான். கண்ணுக்குப் புற ஊதா தடுக்கும் கண்ணாடி கட்டாயம். மற்றபடி இது முதல் விளக்காக வாங்கும் பொருள் அல்ல.

ஒரே பூ, மூன்று ஒளி

ஒற்றை இதழடுக்குச் செம்பருத்தியின் நுனியை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நீண்ட குழலின் முனையில் ஐந்து சிவந்த சூலகமுடிகள், ஒவ்வொன்றும் நுண்ணிய மயிர்கள் அடர்ந்த சிறு தலை. அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தப் பைகள். சன்னல் ஒளியில் அந்தத் தலைகள் மென்மையாக உருண்டு நிற்கும், மயிர்கள் ஒன்றோடொன்று கலந்து வெல்வெட்டாகத் தெரியும். ரிங் லைட்டில் ஐந்தும் ஐந்து சிவப்புப் பொட்டுகளாகத் தட்டையாகிவிடும், மகரந்தப் பைகள் மஞ்சள் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். பட்டர் பேப்பர் போட்ட ஃபிளாஷைப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், கேமரா ஆறு மணியில் நிற்பதாகக் கொண்டால் ஏறத்தாழ கடிகாரத்தின் பத்து மணித் திசையில் வைத்தால், ஒவ்வொரு மயிரின் விளிம்பும் தனியே ஒளிர்ந்து, மகரந்தத் துகள்கள் எண்ணும்படி தெரியும். பின்னால் இருந்து வரும் ஒளி இதழை ஊடுருவி அதன் சிவப்பையும் உள்ளிருந்து ஏற்றிவிடும். எதிர்ப்பக்கம் சிறு தெர்மாகோல் துண்டு வைத்தால் போதும், இரண்டாவது விளக்கு வேண்டியதில்லை. நெருக்கப் படத்துக்கு இரண்டு விளக்கு வாங்கும் பலரிடம் இல்லாதது இரண்டாவது விளக்கல்ல, இந்தத் தெர்மாகோல் துண்டுதான்.

எதை வாங்குவது

காலையில் வீட்டில் இருக்க முடிந்தவர், பகல் பூக்களை ஒற்றைப் படமாக எடுப்பவர் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம். நல்ல ட்ரைபாடுக்கு அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். வேலை முடிந்து இரவில்தான் கேமராவைத் தொட முடியும், மல்லிகையும் நிஷாகந்தியும்தான் விருப்பம், 1:1 அளவுக்குப் போக வேண்டும் என்பவருக்கு, கையால் திறனை மாற்றக்கூடிய ஒரு சாதாரண ஃபிளாஷும் ட்ரிகரும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். விலையுயர்ந்த தானியங்கி ஃபிளாஷ் தேவையில்லை. மேசையில் எதுவும் ஓடிப் போவதில்லை என்பதால், ஒருமுறை கணக்கிட்ட திறன் அந்த அமர்வு முழுவதும் பொருந்தும். காணொலியும் எடுப்பவர், கைபேசியில் எடுப்பவர், ஒளியை இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர் ஆகியோருக்கு ஆர்9 மதிப்பு சரியாக உள்ள சிறிய எல்.இ.டி. பேனல். பெரிய பேனலுக்குச் செலவிட வேண்டாம். பூ சிறியது, உள்ளங்கை அகலப் பேனலை அருகே கொண்டுவந்தாலே ஒளி மென்மையாகிவிடும்.

எதை வாங்கினாலும் இரண்டு ஒளியைக் கலக்கும்போது நிறவெப்பத்தைப் பாருங்கள். சன்னல் ஒளி 5,500 கெல்வினை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க, வீட்டின் மஞ்சள் விளக்கு 2,700 கெல்வினை ஒட்டி இருப்பதால், ஒரே வெள்ளை இதழின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் போய்விடும். அதைக் கணினியில் சரிசெய்வது பெரும்பாடு. விளக்கை ஏற்றுவதற்கு முன் அறையின் மற்ற எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவது போதும். ஃபிளாஷ் வாங்கியவர்கள் முதல் நாள் எஃப் 11, இருநூறில் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 100, ஃபிளாஷ் திறன் பதினாறில் ஒன்று என்று தொடங்கி, திறனை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அளவு சரியானதும் தாளுக்கும் பூவுக்கும் இடையே உள்ள தொலைவை நூலால் அளந்து அந்த நூலைப் பத்திரப்படுத்திக்கொண்டால், அதே அமைப்பில் அடுத்த பூவுக்குச் சோதனைப் படம் ஒன்றோ இரண்டோ போதும்.